ஆறு வாரக் கெடு

ஜனவரி 6, திங்கள்

முப்பத்தொரு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த ஓர் ஏற்பாட்டை இன்று காலை எட்டே காலுக்கு மாற்றி அமைத்தேன். இனி வெற்றிலையை வலது கன்னத்தில் அடக்குவதில்லை. இடது கன்னம்தான். அவசரத்தில் எடுத்த முடிவல்ல இது. இரண்டு நாள் யோசித்தேன். எல்லாச் சலுகையையும் ஒரு கன்னத்துக்கே கொடுத்துவிட்டு மற்றதைச் சும்மா வைத்திருப்பது எந்த நிர்வாகத்துக்கும் அழகல்ல. கிளை நூலகராக இருந்தபோது வடக்கு அலமாரியையும் தெற்கு அலமாரியையும் ஆண்டுக்கொரு முறை இடம் மாற்றுவேன். வாசகர்கள் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். கன்னமும் பழகிக்கொள்ளும்.

வலது பக்கம் ஒரு சிராய்ப்பும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று எதிர்வீட்டு சேவியர் கொடுத்தனுப்பிய முறுக்கு கீறியது. முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மோட்டார் ரிப்பேர். ஆள் நாளை வருவானாம்.

ஜனவரி 8, புதன்

மோட்டார் ஆள் வரவில்லை.

சட்டைகளைத் தேய்க்கக் கொடுத்தேன். கற்பக நகர் நுழைவில், புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள் மயிலாத்தா. எங்கள் நகரின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், என் தரத்துக்குப் புகையிலை போடும் இன்னொருவர் அவள்தான். சுண்ணாம்பு தீர்ந்தால் நான் அவளிடம் வாங்குவேன். பாக்கு தீர்ந்தால் அவள் என்னிடம்.

என்னைப் பார்த்ததும், "ஏனுங் சார், பக்கம் மாத்தீட்டீங்களாட்ட இருக்குது," என்றாள். என் மனைவி தெய்வானைக்கே இன்னும் தெரியாத சங்கதி.

"ஒரு மாறுதலுக்கு," என்றேன்.

"நானும் ஆயுதபூசையோட மாத்தீட்டனுங். அந்தப் பக்கம் வெச்சா எரியுது."

காரத்தைக் குறைக்கச் சொன்னேன். அனுபவத்தில் பேசினேன் என்று சொல்ல முடியாது, பொதுவான யோசனை.

ஜனவரி 9, வியாழன்

நலச்சங்கக் கூட்டம். தலைவர் காளியண்ணன் அரிசி மண்டி வைத்திருப்பவர். உயரத்துக்கும் அகலத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லாதவர். பொருள் ஒன்று: இஸ்திரி வண்டி நிற்கும் புங்கமர நிழலைக் கார் நிறுத்துமிடமாக அறிவிப்பது. நிழல் தேடும் கார் நகரில் ஒன்றுதான். அது காளியண்ணனுடையது. செயலாளர் என்ற முறையில் ஆட்சேபித்தேன், ஒத்திவைக்கப்பட்டது.

பொருள் இரண்டு: பிப்ரவரி 2 அன்று புற்றுநோய் விழிப்புணர்வு முகாம். இதற்கு எதிர்ப்பில்லை. சொல்லுக்குத்தான் எதிர்ப்பு.

"தை மாசமுங்க," என்றார் காளியண்ணன். "கல்யாண மண்டபத்து வாசல்ல அந்த வார்த்தைய எழுதி வெச்சா, பொண்ணு பாக்க வர்றவன் அப்படியே திரும்பிப் போயிருவான்."

ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின், பேனரில் 'மாபெரும் நல்வாழ்வு முகாம்' என்று போடுவதாகத் தீர்மானித்தோம். என்ன முகாம் என்று வருகிறவர்களுக்கு உள்ளே சொல்லிக்கொள்ளலாம். துண்டறிக்கையைச் சரிபார்த்து அச்சிடும் பொறுப்பு எனக்கு. நகரில் புத்தகம் படித்தவன் நான் ஒருவன்தான் என்று தலைவர் காரணம் சொன்னார். மறுக்க வழியில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அரசு மருத்துவமனைப் பல் டாக்டர் யாழினி துண்டறிக்கையின் வரைவை அனுப்பியிருக்கிறார். முப்பது வயது இருக்கலாம். நடை பரவாயில்லை. ஒற்றுப்பிழை ஏழு.

நான்காவது வரி: "வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்."

இரண்டு வாரம் என்பது இளமையின் அவசரம். இரண்டு வாரத்தில் மோட்டார் ரிப்பேர்காரன்கூட வருவதில்லை. மக்களை வீணாகப் பீதிக்குள்ளாக்குவது சங்கத்தின் நோக்கமல்ல. 'மூன்று' என்று திருத்தினேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் கழிந்தது. தெய்வானை மிளகுக்குழம்பு வைத்தாள். தயிர்ச்சோறு போதும் என்றேன். வயது அறுபத்தாறு ஆகிறது. நாக்கை அடக்கப் பழக வேண்டிய காலம் என்று விளக்கினேன். அவள் குழம்பை மூடி வைத்தாள்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. மறுபடி படித்ததில் 'மூன்று வாரம்' ஓசையில் மொட்டையாக இருக்கிறது. இன்றைய தேதியை வைத்துப் பார்த்தால் வேறு சில சங்கடங்களும் உண்டு. 'ஆறு' என்று போட்டேன். "ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத புண்." காதுக்கு நன்றாக இருக்கிறது. காளியண்ணனிடம் போனில் படித்துக் காட்டினேன். "பாட்டாட்ட இருக்குதுங்க," என்றார்.

ஜனவரி 20, திங்கள்

துண்டறிக்கை இரண்டாயிரம் வந்து சேர்ந்தது. வீடு வீடாகக் கொடுக்க ஆளில்லை. தேய்த்த துணி மூட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றை வைத்து அனுப்பலாம் என்பது என் யோசனை. மயிலாத்தா ஒத்துக்கொண்டாள். கட்டைக் கொடுத்ததும் ஒன்றை உருவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான்காவது வரிக்கு வர நான்கு நிமிடம் ஆனது.

"ஆறு வாரமுங்களா சார்?"

"ஆமா."

"அதுக்குள்ள போனா?"

"அதுக்குள்ள போக வேண்டியதில்லை. அதான் போட்டிருக்குதே."

"அப்பச் சரிங்க," என்று அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என் துண்டறிக்கையின் முதல் வாசகி. நூலகத்தில் முப்பது வருடம் இருந்தும் இவ்வளவு கவனமாகப் படிக்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது.

ஜனவரி 28, செவ்வாய்

இடது பக்கம் மட்டும் மெல்லுவதால் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகிறது. நன்றாக மென்று சாப்பிடுவது நல்லது என்று எல்லாருமே சொல்கிறார்கள்.

வண்டிக்குப் பின்னால் மதில் சுவரில் கரியால் ஒன்பது கோடுகள். பெட்டிக்குப் போடும் கரிதான். பெட்ஷீட் கணக்கு போலும். சுவரைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

முகாம். நாற்காலி இருநூறு, வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் சங்க நிர்வாகிகளும் அவர்கள் வீட்டாரும் இருபத்தாறு. ஒருவர் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வந்திருந்தார். ஓர் அம்மாள் இலவசக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். இது இன்ன முகாம் என்று சொன்னதும் இருவரும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பேனரில் காளியண்ணனின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. நல்வாழ்வுக்கு அதுவே எடுத்துக்காட்டு என்று எண்ணியிருக்கலாம்.

டாக்டர் யாழினி நன்றாகப் பேசினார். வாயில் புண் வந்து இரண்டு வாரமாகியும் ஆறவில்லையென்றால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும் என்றார். மூன்றாம் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர் துண்டறிக்கையோடு எழுந்தார்.

"ஏனம்முணி, இதுல ஆறுன்னு போட்டிருக்குது. நீ ரெண்டுங்கற."

"இரண்டுதாங்க."

"அச்சுல இருக்குதே," என்றார் அவர். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். வாயால் சொல்வதைவிட அச்சில் இருப்பதை நம்ப வேண்டும் என்று இவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததில் நூலகர்களுக்கும் பங்குண்டு.

டாக்டர் இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த ஆறை யார் போட்டது?"

"நம்ம குழந்தைவேல் சாருதானுங்க," என்றார் காளியண்ணன் பெருமையாக. "ஒவ்வொரு எழுத்தும் அவர் பார்த்தது."

டாக்டர் என் முகத்தை, குறிப்பாகக் கீழ்ப்பாதியை, சற்று நேரம் பார்த்தார். "சார், கொஞ்சம் வாயைத் திறங்க."

மைக்செட்காரரைப் பார்க்க வேண்டியிருந்ததால் போய்விட்டேன். போகும்போது, அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றேன்.

மேசை விரிப்பைத் திருப்பிக் கொடுக்க மயிலாத்தா மண்டப வாசல் வரை வந்தாள். உள்ளே வந்து டாக்டர் பேசுவதைக் கேட்கச் சொன்னேன். "எனக்கு இன்னும் நாள் இருக்குதுங் சார்," என்று போய்விட்டாள். எதற்கு நாள் என்று கேட்கவில்லை. மோர் தீர்ந்துவிட்டதாக அழைப்பு வந்தது.

பிப்ரவரி 5, புதன்

டாக்டரிடமிருந்து இரண்டு போன். எடுக்கவில்லை. மருத்துவத்தில் கால அளவுகளின் வரலாறு பற்றி அவருக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஐந்து பக்கம் வந்திருக்கிறது. அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பின் தெய்வானை பால் கணக்குக் காலண்டரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பால் புள்ளிகளுக்குக் கீழே பென்சிலில் இன்னொரு புள்ளி வரிசை.

"இது என்ன?"

"நீங்க காரமே தொடாத நாளுங்க. கிறிஸ்துமஸ்ல இருந்து எண்ணுங்க."

"உடம்புச் சூடு."

"நாப்பத்தாறு நாளாவா சூடு?"

அவள் காலண்டருக்கு அடியிலிருந்து துண்டறிக்கையை எடுத்தாள். முப்பத்தெட்டு வருடக் குடும்பத்தில் அவள் நான் எழுதிய எதையும் இப்படி விரல் வைத்துப் படித்ததில்லை.

"அந்தப் புள்ள ரெண்டு வாரம்னு சொல்லுச்சு. நான் அதுக்கே வரலீங்க. உங்க கணக்குக்கே வர்றேன். ஆறு வாரம்னா நாப்பத்திரண்டு நாளு. நாலு நாள் சேத்தி ஆச்சு."

"அது பொதுமக்களுக்கு."

"நாம யாருங்க?"

திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன். இன்று ஞாயிறு என்பதால் கிடைத்தது.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டர் யாழினி விளக்கை வைத்துப் பார்த்தார். வாயைத் திறந்து வைத்திருந்தபடியால் நான் பேச முடியவில்லை. எனக்கு அது புதிய அனுபவம்.

"எத்தனை நாளா இருக்கு சார்?"

"ஆறு வாரம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இன்றோடு வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் நிற்க வேண்டும் என்றார். வீடு திரும்பியபோது என் வெற்றிலைப் பெட்டியில் ஊசி நூல் இருந்தது.

சுவரில் கோடுகள் இருபத்திரண்டு.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கம் சரியில்லை. புகையிலை இல்லாததால்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அதுதான். ஆரம்ப நிலை, பரவவில்லை, அறுவை சிகிச்சை போதும் என்று நினைக்கிறார்கள். தெய்வானை சுவரில் இருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னார்: "சீக்கிரம் வந்தீங்கன்னு சொல்ல மாட்டேன் சார். ரொம்ப லேட்டாகறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. உங்க வீட்டம்மா எண்ணிட்டிருந்தாங்க. எல்லார் வீட்லயும் எண்ண ஆளிருக்காது."

ஆட்டோ நகருக்குள் திரும்பும்போது சுவர் தெரிந்தது. முப்பது கோடுகள். கற்பக நகரில் எவர் வீட்டிலும் முப்பது பெட்ஷீட் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலும், ஒரு நாளைக்கு ஒன்றாக யாரும் பெட்ஷீட் தேய்ப்பதில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"மயிலாத்தா, அது என்ன கோடு?"

"நீங்க சொன்ன ஆறு வாரந்தானுங். நோட்டீசு வந்த அன்னிலிருந்து போடறேன். இன்னும் பன்னண்டு நாள் இருக்குதுங்."

"நோட்டீசு வந்த அன்னிலிருந்தா? ஆயுதபூசையில இருந்து எரியுதுன்னு சொன்னியே."

"அப்ப நோட்டீசு இல்லீங்களே."

அவள் தரப்பில் தவறில்லை. எந்தச் சட்டமும் முன்தேதியிட்டு அமலுக்கு வருவதில்லை.

"அந்த ஆறு தப்பு, மயிலாத்தா. ரெண்டுதான். அச்சுப்பிழை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்த கனலைக் கொட்டித் தண்ணீர் தெளித்தாள்.

"பத்தாம் நெம்பர் வீட்டுச் சேலை பாதியில நிக்குதுங்களே."

"நிக்கட்டும். ஏறு."

தெய்வானை நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பிப்ரவரி 26, புதன்

மயிலாத்தாவின் முடிவு. கழுத்து நெறிக்கட்டி வரை போயிருக்கிறது. திருப்பூரிலிருந்து மகன் வந்திருக்கிறான். அவன் எல்லாவற்றுக்கும் என்னிடம் நன்றி சொன்னான்.

வெளியே வந்து டாக்டரைக் கேட்டேன்: "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

"தெரியாது சார்."

"பொதுவாச் சொல்லுங்க."

"பொதுவா, சீக்கிரம் வந்தா பிழைக்கறது சுலபம், வெட்டறது குறைவு. இவங்களுக்குன்னு கேட்டீங்கன்னா தெரியாது. உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்னும் சொல்ல மாட்டேன், உங்களைத் தண்டிக்கறதுக்காகவும் சொல்ல மாட்டேன்."

ஐந்து பக்கக் கடிதத்தைக் கிழித்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

கோவை. நாளை காலை ஏழு மணிக்கு. காளியண்ணன் ஆப்பிளோடு வந்தார். கடிக்க முடியாதவனுக்கு ஆப்பிள். வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம், வயிற்று ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். "நோட்டீசு அடிச்ச சங்கத்துச் செயலாளருக்கேன்னா நல்லா இருக்குமுங்களா?"

நன்றாகத்தான் இருக்கும் என்றேன்.

மார்ச் 15, சனி

கஞ்சி. குழாய் வழியாக.

மார்ச் 16, ஞாயிறு

கஞ்சி.

மார்ச் 24, திங்கள்

வீடு. வலது கீழ்வரிசையில் நான்கு பற்கள் இல்லை, கன்னத்தில் உள்ளங்கை அளவு கட்டு. பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. ஒரு மாதம் ஆகலாம் என்கிறார்கள். தெய்வானை ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். அதில் நான் எழுதிய முதல் சொல் 'காபி'. அவள் அழுதாள். காபி கிடைக்கவில்லை, ஆறவைத்த பால் கிடைத்தது.

ஏப்ரல் 9, புதன்

தையல் பார்க்கக் கோவை போனேன். வராந்தா பெஞ்சில் மயிலாத்தா. கழுத்தில் அறுவை முடிந்து, கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மகன் சீட்டு வாங்கப் போயிருந்தான். நான் அருகில் உட்கார்ந்தேன். அவள் பேசலாம், மெதுவாக. நான் சிலேட்டில் எழுதினேன். அவள் மடியில் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"அ... ச்சுப்... பிழை... இல்... லை. நா... ன்தான்... மாற்... றி... னேன்."

முழுதும் படித்து முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் வழக்கம் அது.

"எதுக்குங் சார்?"

அழித்துவிட்டு ஒரே சொல் எழுதினேன். பயம்.

இதைக் கூட்ட அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"எனக்குந்தானுங். ஆறுன்னு பார்த்ததும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. ரெண்டுன்னு போட்டிருந்தாலும் நான் ஏதாச்சும் சாக்குச் சொல்லிட்டுத்தான் இருந்திருப்பேன்."

மகன் வருவது தெரிந்தது. அவள் சிலேட்டைத் தன் முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"ஆனா நீங்க ரெண்டுன்னு போட்டிருக்கோணுமுங்."

ஏப்ரல் 20, ஞாயிறு

'இரண்டு' என்று அச்சிட்ட சிறு சீட்டுகள் இரண்டாயிரம். தெய்வானை பசை காய்ச்சினாள். வீடு வீடாகப் போய், பழைய துண்டறிக்கையை வாங்கி, 'ஆறு' மேல் ஒட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். துண்டறிக்கைகள் மக்களால் நன்கு பயன்படுத்தப்பட்டிருக்கின்றன: ஒரு வீட்டில் பீரோக் காலுக்கு அடியில், ஒரு வீட்டில் அப்பளத்துக்கு அடியில். கண்டுபிடிக்க முடியாதவர்களுக்குப் புதியது கொடுக்கிறோம்.

யாரும் கதவைச் சாத்தவில்லை. முகாமுக்கு வராதவர்கள்கூட என் கன்னத்துக் கட்டைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். நான் கன்னத்தைக் காட்டுகிறேன், தெய்வானை சொல்கிறாள். அந்த வார்த்தையை அப்படியே சொல்கிறாள். இதுவரை எந்த வீட்டிலும் கல்யாணம் நின்றதாகத் தகவல் இல்லை.

மே 6, செவ்வாய்

ரேஷன் கடை வரிசையில் டாக்டர் யாழினிக்கு ஒரு நாற்காலியும் விளக்கும் போட்டோம். பேனர் இல்லை, மோர் இல்லை. எப்படியும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியவர்கள், நின்ற இடத்தில் வாயைத் திறந்தார்கள். அறுபத்தெட்டுப் பேர். மூவரைக் கோவைக்கு அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் மூன்றாம் வரிசை மின்வாரியக்காரர். "அச்சுல மாத்தீட்டாங்களாம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மே 19, திங்கள்

பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. தெய்வானை சிலேட்டை எடுத்து வைக்கவில்லை. அது வசதியாக இருந்தது என்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

திருப்பூர் போய் மயிலாத்தாவைப் பார்த்துவிட்டு வந்தோம். மகன் வீட்டில் இருக்கிறாள். கதிர்வீச்சு முடிந்துவிட்டது. உடம்பு பாதியாகிவிட்டது, கஞ்சியும் முட்டையும் இறங்குகிறது. கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுத்தபோது நரம்பு ஒன்றும் போயிற்றாம். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, கனமும் தூக்க முடியவில்லை. பேரனின் பாடப்புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையைப் பார்த்து, "யாருங் தேய்ச்சது, காலர் இப்படிக் கெடக்குது," என்றாள். நான்தான் என்றேன். "தெரியுதுங்," என்றாள்.

மாலை சங்கக் கூட்டம். மதில் சுவருக்கு வெள்ளை அடிக்கத் தீர்மானம் நிறைவேறியது.

ஜூன் 15, ஞாயிறு

கரி போடும் இஸ்திரிப் பெட்டியின் எடை ஏழு கிலோ. வண்டியை மகன் வந்து எடுத்துப் போய்விட்டான். புங்கமரத்தடியில் இப்போது காளியண்ணனின் கார் நிற்கிறது.